கோசலையக்காவின் கைப்பிடி

பிரான்சின் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கப் போகிறவர்கள் கோசலையக்காவைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கடை வாசலோடு ஒட்டிய காசு மேசையில் இருப்பவர். காயை உடைத்துப் பைக்குள் திணிக்க ஒருவரையும் விடமாட்டார். "நீட்டாவே கொண்டு போங்கோ, மெட்ரோவிலை ஒருத்தரும் உங்களைப் பிடிக்க மாட்டினம்" என்பார். இதே அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்னே-சூ-புவாவில் ஒரு சுடுதற் கழகத்தில் இருபத்தைந்து மீற்றர் தள்ளித் தொங்கும் ஒரு கடதாசி வட்டத்தைப் பார்த்துப் பிஸ்டலை நீட்டிக்கொண்டு நிற்பார் என்பது வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மற்றப் பாதி அவரைப் பகிடி பண்ணும்.

"துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய்."

"அது ஆக்களைப் பாத்துச் சுட்டது அண்ணை. இது கடதாசியைப் பாத்துச் சுடுறது. வெண்டிக்காய் ஒரு கிலோவே, அரைக் கிலோவே?"

நான் சார்செலில் அவருடைய அடுத்த வீட்டில் இருக்கிறேன். காலையில் ஒரே ரயிலில் வருவோம். எனக்குக் கதைக்க வராது. அவருக்குக் கதைக்காமல் இருக்க வராது. அதனால் எங்கள் பயணம் இருவருக்கும் வசதியாகவே போகும். இதில் பெரும்பகுதி அந்த ரயிலில் கேட்டது. மிச்சம் கூடவே நின்று பார்த்தது.

அவர் துவக்குப் பிடிக்கத் தொடங்கியது ஒரு தும்புக்கட்டையோடு. வந்த புதிதில் துப்புரவு வேலை. கொம்பனி அவரை அனுப்பிய இடங்களில் ஒன்று அந்தச் சுடுதற் கழகம். தலைவி மர்கரீத், பள்ளிக்கூட நூலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரி, கூட்டி முடித்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார். காற்றுப் பிஸ்டல் ஒன்றைக் கொடுத்து, எப்படி நிற்பது, எப்படி மூச்சை விடுவது என்று காட்டினார். முதல் குண்டு சுவரில். இரண்டாவது கடதாசியில். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

"அந்த நேரம் தம்பி, தலைக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை" என்றார் அக்கா என்னிடம். "பிள்ளையின்ரை காய்ச்சல், விசாக் கடதாசி, மனுசன்ரை முதலாளி, ஒண்டும் இல்லை. ஒரு கறுப்பு வட்டம் மட்டும். எனக்கு அப்பிடியொரு அமைதியை அதுக்கு முந்தி ஒருத்தரும் தந்ததில்லை."

அந்த அமைதிக்காகத்தான் எல்லா அலைச்சலும். பிரான்சில் கைத்துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்குவதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. முதலில் கழகத்தில் சேரவேண்டும், வைத்தியர் எழுதித் தரவேண்டும், பயிற்சிக்கு ஒழுங்காக வரவேண்டும். பிறகு தலைவர் 'இவரை நம்பலாம்' என்று கையெழுத்து வைக்கவேண்டும். அப்புறம்தான் பிரெஃபெக்தூர் என்ற அரச அலுவலகத்துக்கு விண்ணப்பம். அங்கே விசாரித்து அனுமதி தந்தாலும் அது சில வருடங்களுக்குத்தான். முடிய மீண்டும் கேட்கவேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கவேண்டும். அதை உரியவரைத் தவிர வேறு எவரும் திறக்க முடியாதபடி வைத்திருக்கவேண்டும். இத்தனையும் செய்து அக்கா ஒரு சின்னத் தோட்டாப் பிஸ்டல் வாங்கினார். மர்கரீத் கையெழுத்து வைத்த அன்று அக்கா அவருக்கு ஒரு பெட்டி லட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மர்கரீத் அதைச் சோப்பு என்று நினைத்துக் குளியலறையில் வைத்ததாக ஒரு கதை உண்டு. அக்கா சொல்வதில் எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை.

இரும்புப் பெட்டி வந்ததும் வீட்டில் வேறொரு காரியம் நடந்தது. கணவர் மகாலிங்கம் அண்ணை அதைத் தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், சுவரோடு பூட்டியிருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார். "இதை உடைக்கிற கள்ளன் இன்னும் பிறக்கேல்லை" என்றார். அடுத்த கிழமை தாலிக்கொடி அதற்குள் போனது. பிறகு மகள் சாம்பவியின் காப்புகள், கடவுச்சீட்டுகள், அண்ணையின் தங்கையுடைய அட்டியல். ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் யாராவது பெட்டியைத் திறக்கவேண்டியிருந்தது. அக்கா கடையில் நிற்பார். ஆகவே பூட்டைத் திறக்கும் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் நல்லதொரு பெட்டி இருந்தால் அதற்குள் நகை போகாமல் இருக்குமா? அது துவக்குப் பெட்டி என்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள். அக்காவும்தான்.

ஒரு குளிர்காலத்தில் லா ஷப்பல் மெட்ரோப் படியில் அக்கா வழுக்கி விழுந்தார். வலது கை உடைந்தது. கட்டு அவிழ்த்தபின் மணிக்கட்டு நேரானது. மோதிர விரலும் சின்ன விரலும் மட்டும் முழுதாக மடங்க மறுத்தன. காசு எண்ண அது தடையாக இல்லை. பிஸ்டல் பிடிக்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைச் சுற்றி இறுக்கவேண்டிய விரல்கள் இரண்டும் விருந்தாளிகள் மாதிரி வெளியே நின்றன. ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டல் உள்ளங்கையில் நழுவி அந்த விரல்களை நோகடித்தது. கறுப்பு வட்டத்துக்குள் விழுந்துகொண்டிருந்தவை கடதாசியின் ஓரத்துக்குப் போயின. இடது கையால் முயன்றபோது பக்கத்துத் தடத்தில் நின்றவர் தன் கடதாசியில் ஒரு துளை அதிகமாக இருக்கிறது என்று முறைப்பாடு செய்தார்.

அந்த மாதங்களில் ரயிலில் அக்கா கதைக்கவில்லை. நான் அப்போதுதான் அறிந்தேன், அவருடைய பேச்சு எனக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தது என்று.

"கைக்குத் தக்கதா கைப்பிடியை மாத்தினால் என்ன?" என்று ஒரு ஞாயிறு கேட்டது அக்காதான். கேட்டது லாசர் அண்ணையிடம். புதுச்சேரிக்காரர், நகரசபை அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். கழகத்தில் போட்டி நாட்களில் ஆயுதங்களைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்கு. அன்று நானும் போயிருந்தேன்.

"மாத்தலாம்மா. உன்னோட பிஸ்டல்ல கைப்பிடிக் கட்டை மட்டும்தான் வெறும் கட்டை. ஒரு திருகாணியைக் கழட்டினா தனியா வந்துடும். அதைக் கைப்பையில போட்டுக்கிட்டு ஜனாதிபதியோட எலிசே மாளிகை வாசல்லயே நடக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"மற்றதுகள்?"

"குழாய், மேல ஓடுற ஸ்லைட், கீழ இருக்கிற உடம்பு, இதெல்லாம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆயுதம்னுதான் கணக்கு. அதுல அரத்தை வெச்சேன்னு வெய்யி, அனுமதிப் பேப்பரே இல்லாம ஆயிடும். நம்பர் இருக்கிற பக்கம் கீறல் விழுந்தா இன்னும் மோசம். அதெல்லாம் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரன்கிட்டத்தான் போகணும். இன்னொண்ணு, கட்டையையும் இஷ்டத்துக்குச் செதுக்க முடியாது. மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. முழு பிஸ்டலும் என் அளவுப் பெட்டிக்குள்ள அடங்கணும். அடங்கலேன்னா நீ என் தங்கச்சியா இருந்தாலும் வெளியதான்."

"நான் உங்கடை தங்கச்சி இல்லையே, பிறகென்ன பயம்" என்றார் அக்கா. நீண்ட நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

கடைகளில் கைப்பிடிக் கட்டைகள் சிறிது, நடு, பெரிது என்று கிடைக்கின்றன. மடங்காத இரண்டு விரலுக்கென்று எவரும் செய்து வைக்கவில்லை. அக்கா வீட்டில் இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் மகாலிங்கம் அண்ணை.

மகாலிங்கம் அண்ணை லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுபவர். ஆயுத பூசைக்குத் தன் ரொட்டிக் கத்திகளுக்குச் சந்தனம் பூசுபவர். பிஸ்டலையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் சண்டை பிடித்து, கடைசியில் இரும்புப் பெட்டியின் கதவுக்குப் பொட்டு வைத்துச் சமாதானமாவார். மனைவி முகம் வாடியிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என்ன செய்யலாம் என்று யோசித்தார். லா ஷப்பலில் கடைகளுக்கு மேசையும் தட்டும் செய்து கொடுக்கும் கரிகாலன் அவருடைய கூட்டாளி. மரவேலைதானே. ஒரு சனிக்கிழமை, அக்கா வேலைக்குப் போனபின், பெட்டியைத் திறந்து பிஸ்டலை அதன் உறையோடு எடுத்தார். தோட்டா எதையும் தொடவில்லை. தன் மத்தியானச் சாப்பாட்டுப் பையில், மீன்குழம்புக்கும் சோற்றுக்கும் கீழே வைத்தார். ரயில் ஏறினார்.

அன்று சாம்பவிக்குத் தோழி வீட்டில் சாமத்தியச் சடங்கு. காப்புப் போட்டுக்கொள்ளப் பெட்டியைத் திறந்தவள் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் கதைப்பாள். அம்மா, உன் பிஸ்டலை நீ கொண்டுபோனாயா என்று கேட்டாள்.

நான் கடைக்குள் அரிசி வாங்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் கையிலிருந்த சில்லறை மேசையில் விழுந்து உருண்டது. யாரும் பொறுக்கவில்லை.

மகாலிங்கம் அண்ணை வேலை செய்யும் கடை தெருவின் அடுத்த பக்கம். அக்கா வாகனங்களைப் பாராமல் கடந்தார். நான் பின்னால் ஓடினேன். அண்ணை ரொட்டிக் கல்லுக்கு முன்னால் மாவோடு நின்றார்.

"இஞ்சாருங்கோ, என்ரை சாமான் எங்கை?"

"கத்தாதையும். கரிகாலனிட்டைக் குடுத்திட்டன். உமக்குச் சொல்லாமல் செய்து தருவம் எண்டு..."

"முழுசாவோ?"

"பின்னை? எது கைப்பிடி, எது துவக்கு எண்டு எனக்குத் தெரியுமே? பிடிக்கிற பக்கம் தடிப்பா இருக்கு, பின்பக்க இரும்பைக் கொஞ்சம் அராவிவிடு எண்டு சொன்னனான். உம்மடை கைக்கு அடக்கமா வரும்."

அக்கா அந்த இடத்திலேயே, மாமூட்டையின் மேல் இருந்துவிட்டார். அவருடைய கணக்கு எனக்கும் விளங்கியது. அனுமதி அவருடைய பெயரில். அதை இன்னொருவர் தொட்டு, ரயிலில் கொண்டுவந்து, அனுமதியில்லாத மூன்றாமவர் கையில் கொடுத்தாகிவிட்டது. இரும்பில் அரம் பட்டிருந்தால் பிஸ்டல் முடிந்தது. பட்டிருக்காவிட்டாலும், இது வெளியே வந்தால் அனுமதி போகும், கழகம் போகும், அண்ணை மேல் வழக்கே வரலாம்.

"எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?"

"காலமை."

மதியம் தாண்டியிருந்தது.

கரிகாலனின் பட்டறை தெருவுக்குப் பின்னால் ஒரு முற்றத்தைக் கடந்து கீழே இறங்கும் இடத்தில். கதவு உள்ளே பூட்டியிருந்தது. அக்கா தட்டினார்.

"ஆரது?"

"கோசலை."

"தனியவோ? பொலிஸ் இல்லையே?"

"கதவைத் திற கரிகாலன்!"

உள்ளே கரிகாலன் வியர்த்துப்போய் நின்றார். நாற்பது வயதிருக்கும், மரத்தூள் படிந்த தாடி. வேலை மேசையில் துணி விரித்து அதன்மேல் பிஸ்டல் கிடந்தது. பக்கத்தில் அரம். அக்காவின் கண் அரத்தைவிட்டு அசையவில்லை.

"தொட்டியோ?"

"இரும்பிலை தொடேல்லையக்கா. என்ரை பிள்ளையளாணைத் தொடேல்லை. அண்ணை வைச்சிட்டு ஓடிட்டார். நான் பூட்டிப்போட்டு இதுக்கு முன்னாலை காவல் இருக்கிறன். ஒண்டுக்குக்கூடப் போகேல்லை."

"அரம் ஏன் அங்கை?"

"எடுத்தனான். பேந்து வைச்சிட்டன். ஒரு கதிரை எண்டால் கண்ணாலை பாத்துச் செய்யலாம். இது கையுக்குள்ளை இருக்கிற சாமான். உங்கடை கையைக் காணாமல் நான் எதையெண்டு வெட்டுறது? அண்ணை எடுத்த எடுப்பிலை இரும்பை அராவு எண்டார். மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

அக்கா பிஸ்டலை எடுத்தார். வெற்றாக இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்த்தார், எப்போதும் செய்வதுபோல. பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்டலின் இலக்கம் பொறித்திருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். ஒரு கீறலும் இல்லை. பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. கரிகாலன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அக்கா அந்தக் கைகளைப் பிடித்து, "நீ மாட்டன் எண்டாயே, அது போதுமடா" என்றார்.

லாசர் அண்ணைக்கு அங்கிருந்தே தொலைபேசி. அக்கா எதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் லாசர் அண்ணை இருமினார்.

"உன் கிளப் லிசான்ஸ் அட்டை கையில இருக்கா?"

"ஓம், பையுக்குள்ளை. அனுமதிக் கடதாசியும் இருக்கு."

"பூட்டு?"

"உறையோடை இருக்கு."

"விசைக்குப் பூட்டுப் போடு. உறையில வெச்சு மூடு. நீயே தூக்கு, வேற யாரும் தொடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத. கிளப் திறந்திருக்கு, நேரா இங்க வா. கிளப்புக்கு வர்றவ பிஸ்டலோட வழியில வர்றதுக்குச் சட்டப்படி காரணம் இருக்கு. மத்ததை இங்க பேசிக்கலாம்."

மகாலிங்கம் அண்ணையும் அதற்குள் வந்துவிட்டார், கையில் மாவோடு. "ஏனப்பா அங்கை போறீர்? சாமான் கிடைச்சிட்டுது, ஒரு கீறல் இல்லை. வீட்டை கொண்டுபோய் வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

அக்கா பூட்டைப் போட்டு முடித்தார். "மர்கரீத் என்னை நம்பிக் கையெழுத்து வைச்சவ. இண்டைக்கு நான் ஒளிச்சால், ஒவ்வொரு ஞாயிறும் அவவின்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்லவேணும். அப்பிடி நிண்டு என்னாலை சுடேலாது. நீங்களும் வாங்கோ. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்தோம். நிலைய வாசலில் இராணுவத்தினர் மூவர், மார்பில் துவக்குகளோடு, மெதுவாக உலாவிக்கொண்டிருந்தார்கள். ஊரில் வெறுங்கையோடு இராணுவத்தைக் கண்டு ஒழுங்கைக்குள் ஒளித்தவர் அக்கா. இங்கே பைக்குள் பிஸ்டல், எல்லாக் கடதாசியும் சரி, அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தார். மகாலிங்கம் அண்ணைதான் அவர்களைக் கண்டதும் என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்.

மர்கரீத் அலுவலக அறையில் இருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அக்கா நின்றுகொண்டே சொன்னார். அவருடைய பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. அன்று அது தடுமாறவில்லை. மர்கரீத் பிஸ்டலை வாங்கிச் சோதித்தார். லாசர் அண்ணையிடம் நீட்டினார். அவரும் சோதித்துத் தலையாட்டினார்.

"பெட்டியின் இலக்கம் யாருக்குத் தெரியும்?" என்று மர்கரீத் கேட்டார்.

"எனக்கு. கணவருக்கு. மகளுக்கு." அக்கா ஒருமுறை அண்ணையைப் பார்த்தார். "கணவரின் தங்கைக்கும்."

"தங்கைக்கு ஏன்?"

"அவவின் அட்டியல் உள்ளே இருக்கிறது."

மர்கரீத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். லாசர் அண்ணை சுவரைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது இருமலாலா என்று எனக்குத் தெரியாது. மகாலிங்கம் அண்ணை முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி, குற்றம் முழுவதும் என்னுடையது மதாம், இவ நல்லவ, என்னைக் கொண்டுபோங்கள் என்றார். எங்கே கொண்டுபோவது என்று அவர் சொல்லவில்லை.

"இல்லை முசியே" என்றார் மர்கரீத். "குற்றம் பெட்டியின் சொந்தக்காரியுடையது. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் இங்கே நிற்கிறாள்."

பிறகு ஒரேயடியாகச் சொன்னார். பிஸ்டல் இன்றே துப்பாக்கிக் கடைக்காரரிடம் போகும், அவர் முறைப்படி பதிந்து வைத்திருப்பார். பெட்டிக்குள் பிஸ்டலைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. இலக்கம் மாறவேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரியவேண்டும். அதைத் தான் வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை பிஸ்டல் கடைக்காரரிடம்தான். இந்த வருடம் போட்டி கிடையாது. இன்னொரு தடவை என்றால் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நாளை வருவாய்தானே?" என்றார் மர்கரீத். "காற்றுப் பிஸ்டல் கழகத்தினுடையது. அதை நீ பிடிக்கலாம்."

வெளியே போ என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. நாளை வா என்றார். ரயிலில் அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

கைப்பிடி வேலை முறையாகத் தொடங்கியது அதற்குப் பிறகு. துப்பாக்கிக் கடைக்காரர் திருகாணியைக் கழற்றி மரக்கட்டையை மட்டும் அக்காவிடம் கொடுத்தார். கரிகாலனுக்குக் கையின் அச்சு வேண்டும். மகாலிங்கம் அண்ணை பாவம் தீர்க்க நினைத்து, ரொட்டி மாவை உருட்டிக் கட்டையின் மேல் அப்பி, "பிடியும்" என்றார். அக்கா பிடித்தார். அச்சு அழகாகப் பதிந்தது. மறுநாள் மா காய்ந்து, வெடித்து, பட்டறை எலிக்கு விருந்தானது.

"அண்ணை, உங்கடை மா கொத்துரொட்டிக்குத்தான் நல்லது" என்றார் கரிகாலன்.

மரத்தூளும் பசையும் கலந்த பூச்சு ஒன்று இருக்கிறது, சுடுகிறவர்கள் காலங்காலமாக அதைத்தான் பாவிக்கிறார்கள் என்று மர்கரீத் சொல்லி அனுப்பினார். அதைக் கட்டையில் அப்பி, அக்கா கையை இறுக்கி வைத்து, இறுகும்வரை அசையாமல் பட்டறையில் இருந்தார். மடங்காத விரல்களுக்குக் கீழே கரிகாலன் ஒரு சின்னத் திண்டு எழுப்பினார், அவை நீட்டியபடியே சாய்ந்துகொள்ள. உள்ளங்கைப் பக்கத்தில் கொஞ்சம் கூட்டினார். கட்டையின் உட்புறத்தை, இரும்பு போய் உட்காரும் குழியை, அவர் தொடவேயில்லை. மணிக்கட்டுவரை நீட்டினால் கை ஆடாது என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. லாசர் அண்ணை தொலைபேசியில் கத்திய கத்தலில் அது போனது. அரத்தால் தேய்ப்பதும், அக்கா வந்து பிடித்துப் பார்ப்பதும், "இஞ்சை குத்துது" என்பதும், மீண்டும் தேய்ப்பதுமாக அடுத்த குளிர்காலமும் போனது. கரிகாலன் கூலி வாங்க மறுத்தார். அக்கா அவருடைய கடைசி மகளுக்குத் தாவணி எடுத்துக் கொடுத்தார். அதை மறுக்க அவருக்குத் தெரியவில்லை.

மர்கரீத் ஒருநாள் சார்செலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். அக்கா கையால் மறைத்து இலக்கத்தை அழுத்தித் திறந்தார். உள்ளே வெறும் இரும்பு. மர்கரீத் தலையாட்டினார், பிஸ்டல் வீடு திரும்பலாம் என்று அர்த்தம். பிறகு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி.

வசந்தத்தில் மாவட்டப் போட்டி. என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரிகாலன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். சோதனை மேசையில் லாசர் அண்ணை. அக்காவைத் தெரியாதவர்போல அனுமதிக் கடதாசியை வாங்கிப் பார்த்தார். விசையில் எடைக்கட்டி ஒன்றைத் தொங்கவிட்டு அதன் இழுவையைப் பார்த்தார். மணிக்கட்டு வெளியே நிற்கிறதா என்று பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிஸ்டலை அளவுப் பெட்டிக்குள் இறக்கினார்.

இறங்கவில்லை. அந்தச் சின்னத் திண்டு பெட்டியின் பக்கத்தில் முட்டியது.

"அடங்கலம்மா" என்றார் லாசர் அண்ணை. முகத்தில் ஒன்றுமில்லை.

கரிகாலன் என் கையை நசுக்கினார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு?"

"ஒரு மயிரிழைதானக்கா."

"நேரம் இருக்கு" என்றார் லாசர் அண்ணை. "கட்டையைக் கழட்டி வெளிய எடுத்துட்டுப் போங்க. பிஸ்டல் இங்கயே இருக்கும்."

வாசற்படியில் இருந்து கரிகாலன் தேய்த்தார். தேய்தாள் அவருடைய காற்சட்டைப் பையிலேயே இருந்தது, தொழில்காரருக்கு அது கைக்குட்டை மாதிரி. அக்கா பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தேய்ப்பு, பிடிப்பு, தேய்ப்பு. கூடத் தேய்த்தால் விரல் சாயாது. குறையத் தேய்த்தால் பெட்டி ஏற்காது. கரிகாலன் மூச்சால் தூளை ஊதினார். "இனிக் கைவைக்கமாட்டன். இது சரியில்லையெண்டால் என்னை ஏசுங்கோ."

லாசர் அண்ணை மீண்டும் இறக்கினார். பிஸ்டல் மெதுவாக, சத்தமில்லாமல், பெட்டிக்குள் போய் இருந்தது. அவர் ஒட்டுத்தாளை ஒட்டி, "அடுத்தவங்க" என்றார். அக்கா கடந்து போகும்போது மட்டும், தலை நிமிராமலே, "போய்ச் சுடுடி தங்கச்சி" என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். மகாலிங்கம் அண்ணை பார்க்கமாட்டேன் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் "என்ன மாதிரி?" என்று கேட்டார். அக்கா கையை உயர்த்தினார். இரண்டு விரல்களும் நீட்டியபடிதான் இருந்தன, ஆனால் அவற்றுக்கு இருக்க ஓர் இடம் இருந்தது. பிஸ்டல் துள்ளி, திரும்பி, அதே இடத்துக்கு வந்தது. கடதாசியில் துளைகள் கறுப்புக்குள் விழுந்தன. எல்லாம் இல்லை, பல விழுந்தன. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்தார்.

முடிந்ததும் பிஸ்டலைத் திறந்து, வெறுமையைக் காட்டி, மேசையில் வைத்தார். காதுமூடியைக் கழற்றினார். மர்கரீத் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா தன் வலது கையை விரித்து, மடக்கி, அந்த இரண்டு விரல்களையும் இடது கையால் தடவினார்.

"நோகேல்லை" என்றார். தமிழில்தான் சொன்னார், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவு அவருக்கு இல்லை.

மர்கரீத் என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.